பரதேசி என்னும் சொல்லுக்கு நேர்ந்தது



ஞாயிறுதோறும் நாம் வாசிக்கும் தமிழ் வேதாகமம் 1871ஆம் ஆண்டில் முழுமை பெற்ற மொழிபெயர்ப்பு. ஹென்றி பவர் ஐயரும் அவரோடு உழைத்த முத்தையா பிள்ளை முதலிய தமிழறிஞரும் அந்நாளின் நல்ல தமிழில்தான் அதை அமைத்தார்கள். அதற்குப்பின் 150 ஆண்டுகளுக்குமேல் கடந்துவிட்டன. வேதாகமத்தின் சொற்கள் அச்சில் அப்படியே நிற்க, வீட்டில் புழங்கும் சொற்கள் மெல்ல நகர்ந்துவிட்டன. ஆகையால் குடும்ப ஜெபத்தில் தாத்தா வாசிப்பது ஒன்றாகவும், பேரப்பிள்ளைகளின் காதில் விழுவது வேறொன்றாகவும் இருக்கிறது. சேனைகளின் கர்த்தர் என்று கேட்டவுடன் சேனைக்கிழங்கை நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஓய்வுநாள் பள்ளியில் உண்டு. பரிதானம் என்றால் அது தானதருமத்தில் ஒரு வகை என்று எண்ணி, அதை வாங்கக்கூடாது என்று மோசே ஏன் சொன்னார் என்று கேட்கிறார்கள். லஞ்சம் என்று சொன்னதும் விளங்கிவிடுகிறது. இவற்றைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். பரதேசி என்னும் சொல்லை அப்படித் திருத்திவிட முடிவதில்லை.

சில மாதங்களுக்கு முன் நம் சபையில் ஒரு பெரியவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாமக்கல்லிலிருந்து வடக்கே கொல்கத்தாவரை முப்பது ஆண்டுகளுக்குமேல் லாரி ஓட்டியவர். 119ஆம் சங்கீதத்தின் 19ஆம் வசனத்தைத் தமது கல்லறைக் கல்லில் பொறிக்கவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். பூமியிலே தாம் ஒரு பரதேசி என்று பக்தன் சொல்லும் வசனம் அது. பிள்ளைகளுக்கு மனமில்லை. கல்லூரியில் படிக்கும் பேரன் என்னிடம் நேராகவே சொன்னான்: "அப்புச்சி பேருக்குக் கீழே பரதேசின்னு எழுதினா, போறவங்க வர்றவங்க சிரிப்பாங்க ஐயா. அப்புச்சியை நாங்களே திட்டின மாதிரி ஆயிடும்ங்க." அவன் சொன்னதில் தவறில்லை. தெருவில் ஒருவனைப் பரதேசி என்று அழைத்தால் சண்டை வரும். ஆனால் அந்தப் பெரியவரின் காதில் அந்தச் சொல் வேறுவிதமாக ஒலித்தது. ஒடிசாவிலும் வங்காளத்திலும், லாரி பழுதாகி நின்ற இரவுகளில், தாபாக்காரர்கள் அவரைப் பர்தேசி என்று அழைத்து ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். இந்தியில் அது இன்றும் கனிவான சொல். வெகுதூரத்திலிருந்து வந்தவன், திரும்பிப் போகவேண்டியவன் என்பதே அதன் பொருள். பேரனுக்கு வசையாகக் கேட்டது தாத்தாவுக்கு யாரோ நீட்டிய உணவுத் தட்டாகக் கேட்டிருக்கிறது.

முடிவில் கல்லில் "சங்கீதம் 119:19" என்று எண்ணை மட்டும் பொறித்தார்கள். குடும்பத்தாரை நான் வற்புறுத்தவில்லை. ஆயினும் இந்தச் சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சபையார் அறிவது நல்லது என்று அன்று தோன்றியது.

சொற்கள் பொருள் மாறுவது எந்த மொழிக்கும் புதிதல்ல. மொக்குக்குள் அடங்கிய மணத்தை வள்ளுவர் நாற்றம் என்கிறார். இன்று ஒருவர் வீட்டில் பிரியாணி நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை அழைக்கமாட்டார்கள். சொற்கள் கீழேதான் இறங்கும் என்பதுமில்லை. நாம் மிகவும் மதிப்பாகச் சொல்லும் ஊழியம் என்னும் சொல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் கூலியில்லாக் கட்டாய வேலையைக் குறித்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோவிலுக்கும் அதைச் செய்தே தீரவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலாவது கிறிஸ்தவர்களை அந்த ஊழியத்திலிருந்து விடுவிக்கவேண்டும் என்று இலண்டன் மிஷன் போதகர்கள் போராட வேண்டியிருந்தது. இன்றோ ஞாயிறு முழுவதும் ஊழியம் செய்தேன் என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறோம். அக்காலத்து விசுவாசி ஒருவர் இதைக் கேட்டால் நமக்காகக் கண்ணீர் விடுவார்.

ஆங்கிலம் வாசிக்கும் சபைகளும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பவில்லை. 1611இன் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பில் 'லெட்' என்னும் சொல் சில இடங்களில் தடைசெய்வதைக் குறிக்கிறது. இன்று அதற்கு விட்டுவிடுவது, அனுமதிப்பது என்று நேரெதிரான பொருள். 'பிரிவென்ட்' முந்திக்கொள்வதைக் குறித்தது. இன்று தடுப்பதைக் குறிக்கிறது. 'கான்வர்சேஷன்' அந்நாளில் நடக்கை, இந்நாளில் பேச்சு. 1952இல் வெளிவந்த திருத்திய மொழிபெயர்ப்பின் முன்னுரை, இவ்வாறு பொருள் மாறிப்போன ஆங்கிலச் சொற்கள் 300க்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலைப்பிரசங்கத்தில் கவலைப்படாதிருங்கள் என்று நம் தமிழ் வேதாகமம் தெளிவாகச் சொல்லும் இடத்தில், நாளையைப் பற்றி எண்ணவே வேண்டாம் என்று தொனிக்கும் பழைய ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அவர்கள் பல தலைமுறைகள் குழம்பினார்கள். தெசலோனிக்கேயரில் முந்திக்கொள்வது பற்றிய இடமும் தமிழில் நேராகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் பார்த்தால்தான் சரியாக விளங்கும் என்று நம்மில் சிலர் நினைப்பதுண்டு. அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இனி பரதேசிக்கு வருவோம். பர தேசம், அதாவது வேறு நாடு. அங்கிருந்து வந்தவன் பரதேசி. இவ்வளவுதான் அடிப்படை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்துக்கு இன்றும் பரதேசி ஜெப ஆலயம் என்றே பெயர். ஸ்பெயின் முதலிய தேசங்களிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த யூதர்கள் கட்டியதால் அப்பெயர். அதைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் பெயர்ப்பலகையின்முன் நின்று சிரித்துக்கொண்டு படம் எடுப்பதைக் கண்டிருக்கிறேன். அங்கே தொழுதவர்களுக்கு அது இழிவாக இருந்திருந்தால் 450 ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருப்பார்களா?

தமிழில் இந்தச் சொல் ஊர் ஊராக நடந்து புண்ணியத் தலங்களைத் தரிசிக்கும் துறவியையும் குறிக்கத் தொடங்கியது. அவர்களுக்குச் சோறிடுவது அரசர்களின் கடமைகளில் ஒன்றாக இருந்தது. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் பாடம் கற்ற தஞ்சை மன்னர் சரபோஜி, 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்குத் தமது சத்திரங்களைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இராமேசுவரம் போகும் வழியிலுள்ள அச்சத்திரங்களில் உணவு பெறுவோர் வரிசையில் யோகிகள், ஜங்கமர், வைராகிகள் ஆகியோருடன் பரதேசிகளும் இடம்பெறுகிறார்கள். நோயுற்றால் வைத்தியம், வழிப்பயணத்தில் பிள்ளை பெற்றால் தாய்க்குப் பராமரிப்பு, தாய் தந்தை இறந்துவிட்டால் குழந்தையை வளர்த்துப் படிக்கவைத்தல் என்று அந்த ஏற்பாடு விரிந்திருந்தது. அந்தப் பட்டியலில் பரதேசி என்பது உபசரிக்கத் தக்க ஒருவனின் பெயர். பவர் ஐயரின் குழுவினர் வேலை செய்தபோது இந்தப் பொருள் இன்னும் உயிரோடிருந்தது. ஆகவே ஆபிரகாம் ஏத்தின் புத்திரரிடம் தன் மனைவியை அடக்கம்பண்ண நிலம் கேட்கும்போதும், யாக்கோபு பார்வோன்முன் தன் ஆயுசைக் கணக்கிடும்போதும், பேதுரு அப்போஸ்தலன் சிதறிய விசுவாசிகளுக்கு எழுதும்போதும், தயக்கமின்றிப் பரதேசி என்று எழுதினார்கள்.

பின்பு சொல் ஏன் சரிந்தது? என் கணிப்பு இது. சத்திரங்கள் மூடின, இரயில் வந்தது, நடந்து போகும் துறவியை ஊர் மறந்தது. உணவுக்காக வாசலில் நிற்பவன் மட்டும் மிஞ்சினான். அவனுக்குச் சோறிடுவது கடமையாக இருந்தவரையில் பெயரும் மதிப்போடிருந்தது. கடமை போனதும் பெயர் வசையாயிற்று. 2013இல் பாலா இயக்கிய "பரதேசி" திரைப்படம் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஏழைகளைக் காட்டியது. அந்தத் தலைப்பில் பழைய பொருளும் புதிய வசையும் சேர்ந்தே ஒலித்தன.

மேல்நாட்டில் இதே கருத்துடைய சொற்கள் போன வழியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இலத்தீனில் பெரெக்ரினுஸ் என்றால் அயல்நாட்டான். இலத்தீன் வேதாகமத்தில் பேதுருவின் நிருபம் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அதே சொல்தான் உருமாறி ஆங்கிலத்தில் 'பில்கிரிம்' ஆயிற்று. அங்கே அது பரிசுத்த யாத்திரிகன் என்று உயர்ந்துவிட்டது. ஜான் பனியன் 1678இல் தம் நூலுக்கு அந்தச் சொல்லை வைத்தார். அதன் வழியில் நம் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். ஒரே பொருளில் தொடங்கிய இரு சொற்களில் ஒன்று மேலே ஏறிக் காவியத்தின் தலைப்பாயிற்று. மற்றொன்று கீழே இறங்கித் தெருச்சண்டைக்குப் போயிற்று.

இன்னொரு சொல் ஹோஸ்டிஸ். பழைய இலத்தீனில் அது அயலானைக் குறித்தது. பிற்பாடு பகைவனைக் குறிக்கலாயிற்று. தம் முன்னோர் அயலானுக்குச் சொன்ன சொல் தம் காலத்தில் எதிரியின் பெயராகிவிட்டதே என்று சிசரோ கி.மு. 44இல் எழுதிய நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். தலைமுறைக் குழப்பம் அன்றும் இருந்தது. அந்த வேரிலிருந்தே விருந்தினனைக் குறிக்கும் ஹோஸ்பெஸ் என்னும் சொல்லும் கிளைத்தது. நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் ஹாஸ்டல், ஹோட்டல், ஹாஸ்பிடல் மூன்றும் அதன் வழிவந்தவை. வாசலில் நிற்கும் அயலானைப் பகைவன் என்று அழைப்பதா, விருந்தாளி என்று அழைப்பதா என்பதை ஒரே வேர் இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறது.

கிரேக்கத்துக்கு வந்தால் காரியம் நம் சபைக்கே நெருங்குகிறது. பேதுரு எழுதிய சொல் பரொய்க்கோஸ்: வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவன், ஊரிலிருந்தும் ஊர்க்குடியாகாதவன். அவ்வாறு தங்கியிருப்பதற்குப் பரொய்க்கியா என்று பெயர். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில், தன்னை ரோமாபுரியில் பரதேசியாய்த் தங்கும் சபை என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. அந்தப் பரொய்க்கியாதான் காலப்போக்கில் ஆங்கிலத்தில் 'பாரிஷ்' ஆயிற்று! எல்லை வகுத்து, இது எங்கள் பாரிஷ், அது உங்கள் பாரிஷ் என்று நாம் வழக்காடும் அந்தச் சொல்லுக்குப் பிறப்பிடம், எல்லைக்குள் இடமில்லாதவனின் தங்கல். எம்மாவுக்குப் போகும் வழியில் உயிர்த்தெழுந்த ஆண்டவரிடம் கிலெயோப்பா கேட்ட கேள்வியிலும் இதே வேர்ச்சொல் வருகிறது. எருசலேமுக்கு நீர் அந்நியரோ என்றல்லவா அவன் கேட்டான்? அன்று மாலை அந்த அந்நியரை வீட்டுக்குள் அழைத்ததினால்தான் அவர்களுடைய கண்கள் திறக்கப்பட்டன.

நம் சமவெளிக்குத் திரும்புவோம். சேலம், நாமக்கல் பகுதிக்குச் சுவிசேஷம் வந்ததே பரதேசிகளின் கால்களால். மதுரையில் தத்துவபோதகர் என்று அறியப்பட்ட இராபர்ட் தெ நொபிலி, ரோமாபுரியில் பிறந்தவர், 1623இல் சேந்தமங்கலத்துக்கு வந்தார். இராமச்சந்திர நாயக்கர் அவரை ஏற்றுக்கொண்டார். அங்கிருந்து சேலத்துக்குப் போனார். அயல்நாட்டார், காவியுடுத்த துறவி, ஆகவே சொல்லின் இரு பொருளிலும் அவர் பரதேசி. அவர் மறுத்தது பரங்கி என்னும் பெயரை மட்டும். போர்த்துகீசியரைக் குறித்த அந்தச் சொல்லில் அந்நாளிலேயே அருவருப்பு ஏறியிருந்தது. (இன்று அது ஒரு காயின் பெயராக மீந்திருக்கிறது. நம் பக்கத்தில் அதையும் அரசாணிக்காய் என்றுதான் சொல்கிறோம்.) 1827இல் இலண்டன் மிஷன் சேலத்தில் பணி தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டில் ஜெஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் கொல்லிமலையில் தங்கினார்கள். தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1914இல் பிறந்தது அந்த மலையில்தான். தகப்பனார் 1929இல் காய்ச்சலால் மரித்து அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டார். ஈவ்லின் அம்மையார் முதிர்ந்த வயதிலும் மலைகளில் ஊழியம் செய்து, 1974இல் மரித்து, கணவருடைய மலைக்கே வந்து சேர்ந்தார். அவர்களை ஊரார் யாரும் இன்று பரதேசிகள் என்று சொல்வதில்லை. துரை என்றும் அம்மா என்றும் சொல்கிறோம். நிறமும் அதற்கு ஒரு காரணமோ என்று நான் ஐயப்படுவதுண்டு.

நம்மவரும் வெளியே போகிறவர்களே. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போடாத மாநிலம் இந்தியாவில் அரிது. நாமக்கல் லாரி போகாத சாலை இல்லை. பிள்ளை கடல் கடந்து போய்விட்டாலோ, "பாரின்ல இருக்கான்" என்று பெருமையாகச் சொல்கிறோம். 'பாரின்' என்னும் சொல் வாசலுக்கு வெளியே என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; பரதேசத்துக்கு அதைவிடப் பொருத்தமான ஆங்கிலம் கிடையாது. என் சிறுவயதில் பாரின் சென்ட், பாரின் சட்டை என்றால் உயர்ந்த சரக்கு என்று அர்த்தம். இளையோருக்கு இன்று அது வேலைக்கு விண்ணப்பிக்கும் இடம். ஆக, ஆங்கிலத்தில் சொன்னால் மாலை போடுகிறோம். தமிழில் சொன்னால் கை ஓங்குகிறோம். இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்று!

இதற்கிடையில் நம் கோழிப்பண்ணைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். கேரளத்தில் அரசு அவர்களை அதிதித் தொழிலாளர், விருந்தினர், என்று குறிப்பிடுகிறது. நம் ஊரில் அவர்களுக்கு வழங்கும் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் பலர் உண்டு. 1845இல் ராஞ்சியில் கோஸ்னர் மிஷன் போதகர்கள் தொடங்கிய லுத்தரன் சபை, முண்டா, ஓராவோன் மக்களிடையே வேரூன்றி வளர்ந்த பெரிய சபை. அந்தச் சபைகளின் பிள்ளைகள் சிலர் நம் ஆராதனையில் கடைசி இருக்கையில் அமர்ந்து, ஒரு சொல்லும் விளங்காமல், ஆசீர்வாதம் முடிந்ததும் எழுந்து போகிறார்கள்.

பழைய மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு 1995இல் வந்த திருவிவிலியத்தையே ஆராதனையில் வாசிக்கலாமே என்று இளையோர் கேட்கிறார்கள். முதியோர் வருந்துகிறார்கள். இதுவும் புதிய வழக்கன்று. தெய்வத்தைக் குறிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1715இல் சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது சருவேசுரன் என்றார், பப்ரிசியுஸ் பராபரன் என்றார், 1871இல் தேவன், பின்பு கடவுள். ரேனியுஸ் ஐயர் பப்ரிசியுஸின் தமிழைத் திருத்த முற்பட்டபோது தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். காதில் ஊறிய வேதவசனத்தைப் பறிக்காதீர்கள் என்பதே அவருடைய வேதனை.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பரிதானத்தை லஞ்சம் என்று மாற்றினால் நஷ்டம் ஒன்றுமில்லை, லாபமே. சிறுவர் வகுப்புகளுக்குப் புதிய மொழிபெயர்ப்பே ஏற்றது. ஆனால் பரதேசியை மாற்றினால் குழப்பத்தோடு வேறொன்றும் போய்விடும். திருவிவிலியம் பேதுருவின் வசனத்தில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு மரியாதையான வேறு சொற்களை வைத்திருக்கிறது. பொருள் சரிதான். எவரும் சிரிக்கமாட்டார்கள்; எவருக்கும் உறுத்தவும் உறுத்தாது. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் தேசம் என்னுடையது, நீங்கள் அதில் பரதேசிகள் என்று கர்த்தர் சொல்வது நிலமுள்ளவர்களைப் பார்த்து. பத்து ஏக்கர் தோப்பும் கிணறும் உள்ளவர் அந்தச் சொல்லைத் தம்மைக் குறித்துக் கேட்டு ஒரு கணம் முகம் சுளிப்பாரானால், வசனம் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் எண்ணுவேன். ஆதலால் இந்த ஒரு சொல்லைப் பழைய தமிழிலேயே வாசித்து, பொருளைச் சொல்லிக்கொடுப்பது என்று சபைக் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அவர்கள் ஆராதனைக்குப்பின் என்னிடம் பேசலாம்.

வருகிற ஞாயிறு நமக்குரிய வாசிப்புப் பகுதி 1 பேதுரு 2ஆம் அதிகாரம், 1 முதல் 12 வரை. முதலில் தமிழிலும், பின்பு இந்தியிலும் வாசிக்கப்படும். இந்தியில் வாசிக்க இசைந்திருப்பவர் கோழிப்பண்ணையில் வேலை செய்யும் ஒரு வாலிபர். இரண்டு ஆண்டுகளாக நம்மோடு தொழுதுகொண்டிருக்கிறார், இதுவரை அவர் குரலை நாம் கேட்டதில்லை. 11ஆம் வசனத்துக்கு அவர் வரும்போது கவனித்துக் கேளுங்கள். இந்தி வேதாகமத்தில் அந்த இடத்திலும், பெரியவர் விரும்பிய சங்கீத வசனத்திலும், பர்தேசி என்றே இருக்கிறது. ஆராதனை வழக்கம்போல் காலை 9 மணிக்கு.